போப் கல்லறையில் அப்படி ஒரு வரி கிடையாது

நேற்றைய விழாப் பேச்சைப் பார்த்திருப்பீர்கள். "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று, குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த பாதிரியார் ஜி.யு.போப் தன் கல்லறையில் எழுதச் சொன்னாராம். அரங்கமே கைதட்டியது. அப்படி ஒரு வரி அங்கே கிடையாது. எத்தனை முறைதான் சொல்வது?

ஆக்ஸ்போர்டில் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கல் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியின் மதகுரு, பிறப்பு 24-4-1820, இறப்பு 11-2-1908 என்று போகிறது. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் இதை வைத்ததாகக் கீழே பொறித்திருக்கிறது. நம்மவர்கள் சேர்ந்து வைத்த கல்! அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூட நமக்கு மனமில்லையே, அதுதான் வலிக்கிறது.

"தமிழுக்குப் பெருமைதானே, விடுங்களேன்" என்பார்கள். ஏன் விட வேண்டும்? 1886-இல் வந்த அவருடைய குறள் பதிப்பைப் புரட்டுங்கள். 1330 குறளுக்கும் ஆங்கிலச் செய்யுள், முன்னால் இலக்கணம், குறிப்புகளில் அவருக்கு முன்பே குறளைப் பெயர்த்த வீரமாமுனிவரின் லத்தீனும் எல்லிஸின் ஆங்கிலமும், கடைசியில் அகராதி, சொல்லடைவு. பக்கத்தில் தமிழ்ப் பண்டிதர் இல்லாத மாணவன் தானே சொல்லைத் தேடிப் பொருள் கூட்டிப் படிக்க வேண்டும் என்று யோசித்துச் செய்த வேலை அது. வாத்தியார் வேலை. கைதட்ட வேண்டியது இதற்கு.

"மதம் மாற்ற வந்தவர்தானே?" ஆமாம், அதற்குத்தான் வந்தார். சாயர்புரத்தில் செமினரி, அதாவது மதபோதகர் பயிற்சிப் பள்ளி, நடத்தினார், தஞ்சாவூரில் சாதி விவகாரத்தில் சபையாரோடு மோதினார். மயிலாப்பூர்க் கடற்கரையில் வள்ளுவர் கிறிஸ்தவ போதகர்களோடு உலாவியிருப்பார் என்று எழுதியவரும் அவரே. ஆதாரமில்லாத ஊகம் அது. இதையும் மேடையில் சொல்லுங்கள். முழு மனிதரைச் சொல்லுங்கள். பொய் வரி மட்டும் வேண்டாம்.

உருக்கம்தான் வேண்டுமென்றால் திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரை இருக்கிறது. அதை முடிக்கும்வரை உயிரோடு இருப்பேனா என்று போப் தயங்க, பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட், பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நெடுநாள் வாழ வழி, முடிக்கும்வரை இருப்பீர்கள் என்றார். ஜோவெட் 1893-இல் போய்விட்டார். போப் 1900-இல், தன் எண்பதாவது பிறந்தநாளில், அந்த முன்னுரைக்குக் கையெழுத்திட்டார். முதல் தமிழ்ப் பாடம் படித்தது 1837-இல் என்று அதிலேயே குறித்திருக்கிறார். அடுத்த விழாவுக்குப் போகுமுன் அந்தப் பேச்சாளர் இதையாவது படித்துவிட்டுப் போகட்டும்.