நோட்டீஸ் போர்டு வச்சா அப்ரூவல் ஆகிடுச்சுன்னு அர்த்தம் இல்ல

கார் ஷோரூம் கட்ட விண்ணப்பிச்சிருக்கற சைட்ல வச்ச நோட்டீஸ் போர்டு போட்டோவ போட்டு "கார் ஷோரூமுக்கு பர்மிஷன் குடுத்துட்டாங்க, இனி ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு ஒரு மெசேஜ் சுத்துது, அது தப்புங்க, தயவுசெஞ்சு ஃபார்வர்ட் பண்ணாதீங்க. விண்ணப்பம் பரிசீலனைல இருக்கு, ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு கேக்கத்தான் அந்த போர்டே.

ஆட்சேபணை எழுதறதுக்கு முன்னாடி சைட் பிளான (இடத்துல எது எங்க வரும்னு காட்டுற வரைபடம்) எடுத்துப் பாருங்க. கார் ஏத்திட்டு வர்ற ட்ரெய்லர் உள்ளயே திரும்பி இறக்க இடம் இருக்கா, இல்ல ரோட்லயே நிப்பாட்டி இறக்குவாங்களா? அவ்ளோ பெரிய இடம் முழுக்க தார் போட்டா மழைத்தண்ணி மண்ணுல இறங்காது, அது எங்க போகும்னு டிரெயினேஜ் பிளான் சொல்லணும். ராத்திரி லைட்டு பக்கத்து வீட்டு ஜன்னல்ல அடிக்குமாங்கறதுதான் எனக்கு பெரிய கவலை. சும்மா "ஷோரூம் வேணாம்"னு மட்டும் எழுதினா எடுபடாது, இந்த மாதிரி குறிப்பா, கடைசி தேதிக்குள்ள எழுத்துல குடுங்க.