புகை விட்டது சிமுலேஷன் இல்லை

நம் எலக்ட்ரானிக்ஸ் குரூப்பின் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். வராதவர்களுக்கு வாட்ஸப்பில் வீடியோ வந்திருக்கும், சிரிப்புப் பொம்மைகளோடு. மேலூர்த் தம்பி சிமுலேஷனில், அதாவது கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் செய்த பவர் சப்ளையில் ஆப்-ஆம்ப் ஐசி வெடித்ததும் மூத்தவர் ஒருவர் திருவாய் மலர்ந்தாரே: "கம்ப்யூட்டர்ல சர்க்யூட் ஓட்டுனா இப்பிடித்தேன் தம்பி." கைதட்டல் வேறு.

கைதட்டியவர்களில் எத்தனை பேர் அவன் எல்டிஸ்பைஸ் (சர்க்யூட்டை ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) ஃபைலைத் திறந்து பார்த்தீர்கள்?

திறந்தால் இதுதான் இருக்கிறது. 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு 34 வோல்ட் பீக் சைன் சோர்ஸ் போட்டிருக்கிறான். சரிதான், 24 என்பது ஆர்எம்எஸ் (ஏசியை அளக்கும் வழக்கமான அளவு), அலையின் உச்சமான பீக் அதைவிட அதிகம்; பலர் 1.414-ஆல் பெருக்காமல் 24 என்றே போட்டுக் கோட்டை விடுவார்கள். ஆனால் சீரிஸ் ரெசிஸ்டன்ஸ் (டிரான்ஸ்ஃபார்மரின் உள்தடை) பூஜ்யம், லோடு (இழுக்கும் கரண்ட்) 1 ஆம்பியர், பார்த்தது அவுட்புட்டை மட்டும். அது நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. வராமல் என்ன செய்யும்?

கேட்காத கேள்விக்கு சிமுலேட்டர் பதில் சொல்லாது. அவன் செய்தது இணையத்தில் வருஷக்கணக்காகச் சுற்றும் அந்த 0-30 வோல்ட், 3 ஆம்பியர் சர்க்யூட். அதில் வரும் ஆப்-ஆம்ப் டிஎல்081 மொத்தம் 36 வோல்ட்தான் தாங்கும். 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் லோடு இல்லாதபோது 26.4 வரை கொடுக்கும். அதன் பீக் 37.3, பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் டயோடுகள்) தாண்டி கெப்பாசிட்டரில் 36. ஆப்-ஆம்பின் கீழ்ப் பக்க சப்ளையில் மைனஸ் 5.6 வேறு இருக்கிறது. ஆக 41-க்கு மேல். ராத்திரி வீட்டு லைன் 230-லிருந்து 250-க்கு ஏறினால் 44-ஐத் தாண்டும். இந்த டிஎல்081 மாடலுக்கு 45 வோல்ட் கொடுத்தாலும் திரையில் சமர்த்தாக ஓடும், அதற்குப் புகை விடத் தெரியாது. சப்ளை பின் இரண்டுக்கும் இடையிலான வோல்டேஜை வரைந்து பார்த்திருந்தால் ஐசி வாங்கும் முன்பே விஷயம் வெளியே வந்திருக்கும். இதைத்தான் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சிமுலேஷனை விடு என்று இல்லை, இன்னும் இரண்டு இடத்தில் பார் என்று.

டிரான்ஸ்ஃபார்மரையும் உள்ளபடி போட வேண்டும். லோடு இல்லாமல் 26.4, 3 ஆம்பியர் இழுத்தால் 24. வித்தியாசம் 2.4, மூன்றால் வகுத்தால் 0.8 ஓம். சோர்ஸில் 37.3 பீக், 0.8 சீரிஸ் கொடுத்து, 4700 மைக்ரோஃபாரட் வைத்து 3 ஆம்பியர் இழுத்துப் பாருங்கள். கெப்பாசிட்டரில் சராசரி 28-ஐத் தொடுவதே கஷ்டம், ரிப்பிளின் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) பள்ளம் 25 பக்கம். அதிலிருந்து 30 வோல்ட் எப்படி வரும்? செகண்டரியில் ஆர்எம்எஸ் கரண்ட் 5 ஆம்பியரை நெருங்கும். 3 ஆம்பியர் என்று எழுதிய டிரான்ஸ்ஃபார்மர் டிசியில் 1.8-தான் தரும் என்பது அங்கே கண்ணால் தெரியும்.

"பேப்பர்ல கணக்குப் போட்டா போதாதா?" ரிப்பிளுக்குப் போதும். அந்த 5 ஆம்பியரைப் பென்சிலில் எடுத்துக் காட்டுங்கள், பார்ப்போம்.

"மாடலும் நிஜமும் ஒண்ணா?" இல்லைதான். டூப்ளிகேட் 2என்3055 பவர் டிரான்சிஸ்டரை எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காது. சூடும் அப்படித்தான், நீங்களாகச் சொல்லாவிட்டால் மாடலுக்கு எப்போதும் 27 டிகிரி. மதுரையில் சித்திரை மாசம் அறைக்குள் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆல்ட் அழுத்திக்கொண்டு டிரான்சிஸ்டரைக் கிளிக் செய்தால் வாட் கணக்கு வரும். அவுட்புட் ஷார்ட்டில் 80 வாட். டேட்டாஷீட்டின் 115 வாட், கேஸ் (டிரான்சிஸ்டரின் வெளிக்கூடு) 25 டிகிரியில் இருந்தால்தான். 80 டிகிரியில் அது 79. ஒற்றை 2என்3055 அங்கே தாக்குப்பிடிக்காது.

"எங்க காலத்துல இதெல்லாம் இல்ல." எல்டிஸ்பைஸின் மூதாதையான ஸ்பைஸ் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973-இல் வந்தது, ஐயா. உங்கள் காலத்திலும் இருந்தது, நம் கைக்கு வரவில்லை. இப்போது இலவசமாக வந்திருக்கிறது, அதைத் தொட்ட பையனைச் சிரித்து அனுப்பிவிட்டோம். டவுன்ஹால் ரோட்டில் பார்ட்ஸ் வாங்கிய காசு யார் காசு? பாலிடெக்னிக் படிக்கிறவன், பஸ் ஏறி வந்து காட்டினான். நாலு தடவை எரித்துப் பழகு என்று சொல்வது சுலபம், எரிவது உங்கள் பணம் இல்லையே. படத்தைப் பார்த்து அப்படியே ஒட்டி, ஓடிவிட்டால் "அனுபவம்" என்று மீசை முறுக்குகிறவர்கள் எத்தனை பேர் நம் குரூப்பில்? பெயர் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அந்த வீடியோவை எடுத்தவராவது அழித்திருக்கலாம்.

தம்பி குரூப்பை விட்டுப் போய்விட்டான். யாராவது அவனுக்கு இதை அனுப்புங்கள்: டிரான்ஸ்ஃபார்மரை 18 வோல்ட், 3 ஆம்பியராக மாற்று. லைன் 250 ஆனாலும் கெப்பாசிட்டரில் 29, மைனஸ் 5.6 சேர்த்து 34.6, டிஎல்081 பிழைக்கும். 15 வோல்ட், 1.5 ஆம்பியரோடு நிறுத்திக்கொள். 2என்3055 இரண்டு, ஒவ்வொன்றின் எமிட்டரிலும் 0.22 ஓம், 5 வாட். பிறகு சிமுலேஷனில் லோடை 0.1-லிருந்து 1 ஆம்பியருக்கு ஒரு மைக்ரோசெகண்டில் ஏற்றி இறக்கு. அவுட்புட் ஆடி அடங்க நேரம் எடுத்தால், காம்பன்சேஷன் கெப்பாசிட்டரை (அந்த ஆட்டத்தை அடக்குவது) கூட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் சால்டர் பண்ணு.