சாராயக் காசில் எழும்பிய கொழும்பு

வெள்ளி பின்னேரம் கொழும்புக்கு வந்து ஞாயிறு திரும்புகிற உறவுக்காரர், நண்பர்கள் எல்லோரும் இப்போது கேட்பது ஒன்றுதான்: பகலில் பழைய கட்டடங்கள், இரவில் நல்ல பார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாலும் சரி, டொரொண்டோவிலிருந்து வந்தாலும் சரி. "ஒல்லாந்தர் கட்டின சுவருக்குள்ள போய்க் குடிக்கிறதோ?" என்று முகம் சுளிக்கிற பெரியவர்களும் எங்கள் வீட்டில் உண்டு. எனக்கு அதில் சங்கடமே இல்லை. இந்த நகரத்தின் பெருமாளிகைகள் சிலவற்றுக்கு அத்திவாரமே சாராயக் காசுதானே.

ஒல்லாந்தரும், பிறகு ஆங்கிலேயரும் சாராயம் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தக் குத்தகையில் சம்பாதித்தவர்கள் அந்தப் பணத்தைக் கோப்பித் தோட்டத்திலும் கொழும்புக் காணிகளிலும் போட்டார்கள். ஜெரோனிஸ் டி சொய்சா அப்படி வந்தவர். அவருடைய மகன் சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா, 1870இல் விக்டோரியா மகாராணியின் மகன் அல்பிரட் இளவரசருக்குக் கொள்ளுப்பிட்டியில் இருந்த தன் மாளிகையில் விருந்து வைத்தார். அதற்குப் பிறகு மாளிகையின் பெயரே அல்பிரட் ஹவுஸ் ஆகிவிட்டது. மாளிகை இன்று இல்லை, காணியும் துண்டு துண்டாகப் போய்விட்டது. பெயர் மட்டும் தெருக்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதே அல்பிரட் ஹவுஸ் வீதியில்தான் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் பழைய அலுவலகம் இருக்கிறது. இன்று அது கலரி கஃபே. வெளியே நின்று பார்த்தால் உள்ளே இவ்வளவு இடம் இருக்குமென்று நம்பமாட்டீர்கள். ஒரு முற்றம், அதைத் தாண்டினால் இன்னொரு முற்றம், நீர்த்தொட்டி, பாதி கூரை, பாதி வானம். மழை பெய்கிற பின்னேரத்தில் போய் உட்கார்ந்தால் பாவா யார் என்று எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சாராயக் குத்தகைக்காரரின் வளவில் இருந்துகொண்டு சாராயக் கொக்டெயில் குடிக்கிறோம் என்பது மட்டும் மெனுவில் இருக்காது. என் குறையே அதுதான்.

கோட்டையில் ஒல்லாந்தர் கட்டிய டச்சு வைத்தியசாலையிலும் இதே கதைதான். 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம், கோட்டைப் பகுதியில் மிஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது என்கிறார்கள். கையை வைத்துப் பாருங்கள், சுவரின் தடிப்பு ஒன்றரை அடிக்கு மேல் வரும். மேலே தேக்கு உத்தரம், நடுவே முற்றங்கள். வெயில் கொளுத்தும் ஊரில் நோயாளிகளைக் குளிர்ச்சியாக வைத்திருக்கக் கட்டியது, இப்போது பியர் குடிப்பவர்களைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது. இடையில் அது கோட்டைப் பொலிஸ் நிலையமாக இருந்தது. 1996இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதமானது. திருத்தி, கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தது 2011இல். போர்க்காலத்தில் சோதனைக்கு அடையாள அட்டையை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு கோட்டைக்குள் நடந்த தலைமுறைத் தமிழருக்கு, அந்த முற்றத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவது சின்ன விஷயமில்லை. சுற்றுலாக் கையேடுகள் ஒல்லாந்தரோடு கதையை முடித்துவிடுகின்றன. சுவரில் ஒரு பலகை வைத்து மிச்சத்தையும் எழுதினால் யாருக்கும் போதை இறங்கிவிடாது.

அப்புறம், தயவுசெய்து அங்கே போய் ஸ்கொட்லாந்து விஸ்கி கேட்காதீர்கள். தென்னஞ்சாராயம் கேளுங்கள். களுத்துறைப் பக்கம் மரத்துக்கு மரம் தும்புக் கயிறு கட்டி, அந்தக் கயிற்றின் மேல் நடந்து கள் சேர்ப்பார்கள். கள் தானாகவே புளிக்கும், அதை வடித்து மரப்பீப்பாயில் கிடத்துவார்கள். போத்தலின் லேபிளைப் பாருங்கள், மலிவானவற்றில் வேறு மதுசாரம் கலந்திருக்கும். ஐஸ் போட்டு, ஜிஞ்சர் பியர் ஊற்றி, தேசிக்காய் பிழிந்து, பக்கத்தில் டெவல் கணவாய் ஒரு தட்டு. ஊரில் பனங்கள்ளுக்குப் பழகிய நாக்குக்கு முதல் வாயில் கொஞ்சம் அந்நியமாகத் தெரியும், இரண்டாவது வாயில் சரியாகிவிடும்.

பெண்களோடு வருகிறவர்களுக்கு ஒரு சொல். பெண்களுக்கு மதுபானம் விற்பதைத் தடுக்கும் 1979ஆம் ஆண்டு அறிவித்தலை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் நீக்கினார். சில நாட்களிலேயே அதைத் திருப்பிப் போடும்படி ஜனாதிபதி சொன்னார். பெரிய ஹோட்டல்களில் பெண்களுக்குத் தாராளமாக ஊற்றுவார்கள். அதே ஊரில் பெண் ஒருத்தி வைன் ஸ்டோர் கம்பிக்கு முன்னால் போய் நின்றால் எல்லாத் தலையும் திரும்பும். வசதியுள்ளவளுக்கு ஒரு சட்டம், இல்லாதவளுக்கு இன்னொன்று. கலாசாரம் என்று இதற்குப் பெயர் வைக்கிறவர்களோடு எனக்குச் சண்டைதான்.

காலிமுகத்திடல் ஹோட்டல் 1864இலிருந்து இருக்கிறது, சொல்லித் தெரியவேண்டியதில்லை. கடலைப் பார்த்து ஒரு கிளாஸ், அவ்வளவுதான். துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் கிராண்ட் ஓரியன்டல்தான் என் பக்கம். படைவீரர் குடியிருப்பாக இருந்ததை மாற்றி 1875இல் ஹோட்டலாகத் திறந்தார்கள், 1890இல் ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் தங்கினார். மினுக்கம் குறைவு. மேல்மாடியிலிருந்து கப்பல்களைப் பார்த்தால் இந்த ஊர் ஏன் இங்கே வந்தது என்று விளங்கும்.

பகலைப் புறக்கோட்டைக்கு ஒதுக்குங்கள். சிவப்புப் பள்ளிவாசல், செட்டியார் தெரு நகைக்கடைகள், அங்கிருந்து ஓட்டோ பிடித்தால் 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த வுல்வெண்டால் தேவாலயம், கொச்சிக்கடையில் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எடுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயில். அந்தப் பக்கத்துப் பழைய கடைவீடுகள் பல கூரை இடிந்து கிடக்கின்றன. கோட்டையில் பாரும் உணவகமும் வந்த கட்டடத்துக்குச் சுண்ணாம்பு கிடைத்தது, இங்கே கேட்பாரில்லை. பார்தான் வரவேண்டுமென்றில்லை, ஒரு நல்ல தேநீர்க்கடை வந்தாலும் நான் முதல் ஆளாகப் போய் உட்காருவேன்.

ரிக்கெற் போடமுன் கலண்டரைப் பாருங்கள். போயா நாளில், அதாவது பௌர்ணமியன்று, எந்தப் பாரிலும் ஒரு சொட்டு ஊற்றமாட்டார்கள். பார்க்காமல் வந்துவிட்டு எனக்குக் கோல் எடுத்தால், இறால் வடையும் பிளேன்டீயும்தான் வாங்கித் தருவேன்.