போன் என் காசில் வாங்கியது, சார்

வெள்ளிக்கிழமை நான் போட்ட பதிவையும் அதன் கீழே நடந்த கூத்தையும் பார்த்திருப்பீர்கள். வேலையை விட்ட அன்று கம்பெனி என் சொந்த போனையே மொத்தமாக அழித்துவிட்டது என்பதுதான் விஷயம். முழுக் கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. "ஆபீஸ் மெயிலை சொந்த போன்ல போட்டா இப்படித்தான் ஆகும், ஐடில இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியாதா?" என்று ஒரு சார் எழுதி, அதற்கு நாற்பது சிரிப்பு விழுந்திருக்கிறதே, அதற்கு மட்டும் பதில்.

சார், அந்த போன் என் காசில் வாங்கியது. பன்னிரண்டு மாத இஎம்ஐ. மாதா மாதம் ரீசார்ஜ் போடுவது நான். ஸ்கிரீன் உடைந்தபோது சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஒரு ஸ்டூலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்ததும் நான்தான். அதில் கம்பெனிக்குச் சொந்தம் என்று இருந்தவை மெயிலும், ஆபீஸ் அரட்டைக்கான டீம்ஸ் ஆப்பும். அந்த இரண்டையும் உருவிக்கொண்டு போயிருந்தால் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டேன்.

கடைசி நாள் சாயங்காலம். லேப்டாப், ஐடி கார்டு எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வருகிறேன். சோழிங்கநல்லூர் சிக்னலில் பஸ் நிற்கிறது. கையில் இருந்த போன் தானாக அணைந்தது. லோகோ வந்தது. அப்புறம், கடையில் டப்பாவைப் பிரித்த அன்று வந்த அதே வெள்ளைத் திரை: எந்த மொழி வேண்டுமாம். கண்டக்டர் பக்கத்தில் வந்து நிற்கிறார், ஜிபே இல்லை. சட்டைப் பையில் ஐம்பது ரூபாய் கிடந்ததால் மானம் தப்பியது.

ஊழியர்களின் போனைக் கம்பெனி தூரத்திலிருந்தே கட்டுப்படுத்த இன்டியூன் மாதிரி மென்பொருள் வைத்திருப்பார்கள். அதில் இரண்டு பட்டன் இருக்கும். 'ரிடையர்' என்றால் ஆபீஸ் சமாச்சாரம் மட்டும் போகும். 'வைப்' என்றால் போனே காலி. வேலையை விட்டுப் போகிறவனுக்கு எதை அமுக்க வேண்டும் என்று பட்டனின் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறான், அதற்கு மேல் என்ன செய்வான் பாவம்.

அதைவிடக் கொடுமை, இந்தத் தப்பே நடக்க முடியாதபடி வழி இருக்கிறது. 2014-ல் ஆண்ட்ராய்டு 5 வந்தபோதே 'ஒர்க் புரொஃபைல்' வந்துவிட்டது. ஒரே வீட்டில் ஆபீசுக்கென்று தனியாக ஒரு ரூம் தடுத்துக் கொடுப்பது மாதிரி. ஆபீஸ் ஆப்கள் மேல் சின்னதாக ஒரு பெட்டிப் படம் ஒட்டியிருக்கும். ஆள் போனால் அந்த ரூமைத்தான் இடிக்க முடியும், என் போட்டோ பக்கம் அட்மினால் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. ஐபோனுக்கும் 2019-ல், ஐஓஎஸ் 13-ல், இதேபோல ஒன்று கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் மட்டும், முழு போனையும் கம்பெனி கையில் கொடுக்கும் பழைய 'டிவைஸ் அட்மின்' முறையையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மாற்றுவதற்கு யாராவது இரண்டு வாரம் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டுமே.

"ஆக்டிவேட் பட்டனை அமுக்கினது நீதானே?" ஆமாம், கம்பெனிக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கும் பட்டனை அமுக்கியது நான்தான். எல்லாத் தரவையும் அழிக்கலாம் என்று அந்தத் திரையிலேயே எழுதியிருந்தது, மறுக்கவில்லை. சேர்ந்த அன்று பிஎஃப் படிவம், இன்ஷூரன்ஸ் படிவம் என்று இருபது இடத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு அதையும் அமுக்கினேன். அமுக்காவிட்டால் மெயில் வராது. மெயில் வராவிட்டால் ராத்திரி ஆன்கால், அதாவது எப்போது கூப்பிட்டாலும் எழுந்து பார்க்கும் அவசர வேலை, பார்க்க முடியாது. ஆன்கால் பார்க்காதவன் அப்ரைசலில் என்ன ஆவான் என்று அந்த சாருக்கே தெரியும், அவரும் ரேட்டிங் போடுகிறவர்தான். இதற்குப் பெயர் சம்மதமா சார்?

ஷேர் ஆட்டோவில் போனை விட்டுவிட்டால் கஸ்டமர் டேட்டா என்ன ஆகும் என்று ஒரு தம்பி மரியாதையாகக் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆறு இலக்க பின் கேளுங்கள், ரூட் செய்த, அதாவது உள்பூட்டை உடைத்த, போனில் மெயில் கிடையாது என்று சொல்லுங்கள், தொலைந்தால் உங்களுடையதை அழியுங்கள். ஆனால் தம்பி, என் போன் தொலையவில்லை. என் கையில்தான் இருந்தது. இவ்வளவு பாதுகாப்பு பேசும் அதே டீமில், கஸ்டமர் பெயரும் நம்பருமாக எக்செல் ஷீட் வாட்ஸாப் குரூப்பில் ராத்திரி பதினொரு மணிக்கு வரும். அனுப்புவது மேனேஜர். அது யார் போனிலும் எத்தனை வருஷமும் கிடக்கலாம், அதற்கு வைப் கிடையாது.

கேஸ் போடச் சொன்னவர்களுக்கு நன்றி. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். வேலை சம்பந்தமாகவும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பாற்றவும் என்றால் ஊழியரின் சம்மதம் இல்லாமலே அவர் தரவைக் கையாளலாமாம். முதலாளியைக் காப்பாற்ற ஒரு வரி இருக்கிறது. சரி, விடுங்கள்.

கடைசியாக அந்த அறிவாளிக் கேள்வி. "பேக்கப் எடுக்கலையா ப்ரோ?" எடுத்தேன் ப்ரோ. வாட்ஸாப் பேக்கப்பையும் கூகுளின் 15 ஜிபி இலவச இடக் கணக்கில் சேர்க்க ஆரம்பித்ததிலிருந்து கூகுள் ட்ரைவ் நிரம்பி எப்போதோ நின்றுபோயிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. என் தப்புதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போனது வாட்ஸாப் இல்லை. என் போன் எல்லா அழைப்பையும் தானாகப் பதிவு செய்துவிடும். அந்த ஃபைல்கள் போனுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் கிடக்கும், அந்தக் கூகுள் பேக்கப்பில் ஏறாது. அப்பா போவதற்கு முந்தின இரண்டு வருஷம், தினம் ராத்திரி ஒன்பதரைக்குப் பேசியது எல்லாம் அதில் இருந்தது. பெரிதாக ஒன்றும் பேசியிருக்கமாட்டார். "ஏல, சாப்டியா? மோட்டர் காயில் மறுபடி போச்சுல. கரண்டு பில்லு கட்டிட்டியா?" நாற்பது நொடி, ஒரு நிமிஷம். இதை ஏன் தனியாக எடுத்து வைக்கவில்லை என்று கேட்கிறவர்களே, அப்பா பேசுவதை யார் பேக்கப் எடுத்துக்கொண்டே கேட்பார்கள்?

ஐடி டீமுக்கு மெயில் போட்டேன், சொந்த மெயிலிலிருந்து. மூன்றாம் நாள் பதில் வந்தது. "டிவைஸ் வைப்ட் சக்சஸ்ஃபுல்லி. க்ளோசிங் தி டிக்கெட்."

திவசத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். சாப்பிட்ட பிறகு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா பேசுனத ஒருக்கா போடேன், அந்த மோட்டர் சங்கதி" என்றாள். சார்ஜ் இல்லம்மா என்றேன்.

அவளே எழுந்து போய்ச் சார்ஜரை எடுத்துக்கொண்டு வந்தாள்.