குளூட்டன் இல்லை என்றால் மாவுச்சத்தும் இல்லை என்று ஆகாது

இணையத்தில் ஒருவர், கோதுமையை விட்டுவிட்டு குளூட்டன் இல்லாத மாவில் வீட்டிலேயே பிரெட் செய்தால் அது லோ கார்ப் (மாவுச்சத்து, அதாவது கார்போஹைட்ரேட், குறைந்தது) ஆகிவிடும் என்று எழுதியிருக்கிறார். பலரும் அதை அப்படியே பகிர்வதால் சொல்கிறேன்: இரண்டும் வேறு வேறு விஷயங்கள்.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை தானியங்களில் இருக்கும் புரதம். அதை நீக்கினால் மாவுச்சத்து குறையாது. 100 கிராம் கோதுமை மாவில் சுமார் 72 கிராம் கார்போஹைட்ரேட் என்றால், அரிசி மாவில் சுமார் 80. மரவள்ளி ஸ்டார்ச் இன்னும் அதிகம், கிட்டத்தட்ட 88. குளூட்டன் இல்லாத பிரெட் பலவற்றுக்கும் இவைதான் அடிப்படை. பாதாம் மாவில் சுமார் 20 கிராம்தான், அதிலும் பாதி நார்ச்சத்து. பாதாம் மாவும் முட்டையும் சேர்த்துச் சுடும் பிரெட் லோ கார்ப் ஆவது இதனால்தான், கோதுமை இல்லாததால் அல்ல.

என் சொல்லை நம்ப வேண்டாம். மாவு பாக்கெட்டைத் திருப்பி, '100 கிராமுக்கு' என்ற பத்தியில் கார்போஹைட்ரேட் வரியைப் பாருங்கள். முன்பக்கத்து பெரிய எழுத்துகளை விட்டுவிடுங்கள். அரிசி மாவில் சுட்ட துண்டு ஒன்றின் மேல் மருந்துக்கடை அயோடின் ஒரு சொட்டு விட்டும் பார்க்கலாம்: பழுப்புச் சொட்டு உடனே கருநீலமாகும், அது ஸ்டார்ச் இருப்பதன் அடையாளம். (அந்தத் துண்டைச் சாப்பிடாதீர்கள்.) சர்க்கரை நோய்க்காக மாற்று தேடுபவர்கள் முக்கியமாக அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு மாவு வாங்குங்கள்.