பேக்கப் சர்வர் எப்போது பொறுப்பேற்கிறது: ஒரு திருத்தம்

"முதன்மை சர்வர்களில் ஒன்று விழுந்த நொடியே பேக்கப் சர்வர் அதன் இடத்தை நிரப்பிவிடும்" என்று பொதுவாகச் சொல்லப்படுவது சரியல்ல. வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் மென்பொருளான என்ஜின்எக்ஸில் (nginx) ‘பேக்கப்’ என்று குறிக்கப்பட்ட சர்வருக்கு, குழுவிலுள்ள முதன்மை சர்வர்கள் அனைத்தும் கைவிட்ட பிறகே கோரிக்கைகள் போகும்; மூன்றில் ஒன்று செயலிழந்தால் அதன் சுமையையும் மீதி இரண்டும்தான் தாங்க வேண்டும், பேக்கப் சும்மாவே நிற்கும். கொள்ளளவைத் திட்டமிடும்போது பலர் சறுக்குவது இங்கேதான்.

‘நொடியே’ என்பதும் மிகை. என்ஜின்எக்ஸின் இலவசப் பதிப்பு, சர்வர்களின் நிலையைத் தானாக முன்கூட்டியே சோதிப்பதில்லை. பயனரின் கோரிக்கை ஒன்று தோற்ற பின்னரே, இயல்பு அமைப்பின்படி, அந்த சர்வரை 10 விநாடிகளுக்கு ஒதுக்கிவைக்கிறது. இணைப்பு மறுக்கப்பட்டால் இது உடனே தெரிந்துவிடும். ஆனால் சர்வர் பதிலே தராமல் தொங்கினால், இணைப்புக்கான இயல்புக் காலவரம்பு 60 விநாடி என்பதால், மாற்றி அமைக்காதவரை பயனர் அதுவரை காத்திருக்க நேரலாம்.

என்ஜின்எக்ஸில், பயனரின் ஐபி முகவரியை வைத்து சர்வரைத் தேர்ந்தெடுக்கும் ஐபி ஹேஷ் (ip_hash) முறையுடன் பேக்கப் குறியைச் சேர்க்கவே முடியாது. இதே வேலையைச் செய்யும் மற்றொரு மென்பொருளான ஹெச்ஏபிராக்ஸியிலோ (HAProxy), பேக்கப்கள் பல இருந்தாலும், அவை அனைத்தையும் பயன்படுத்தச் சொல்லும் ‘ஆல்பேக்கப்ஸ்’ (allbackups) தேர்வை இடாதவரை, இயங்கும் நிலையிலுள்ள முதல் ஒன்றே முழுச் சுமையையும் ஏற்கும்.