மோட்டார்னா சத்தம் வரத்தான் செய்யுமாம்!

"மோட்டார்னா சத்தம் வரத்தான் செய்யும் சார்." இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. என் மாடல் ரயில் இன்ஜினை வித்தவர் இதைத்தான் சொல்றார். வருஷக்கணக்கா மாடல் ரயில் ஓட்டுறவங்களும் இதையேதான் சொல்றாங்க. வராதுங்க. வரக் கூடாது. ஒழுங்கா இருக்கிற ஹெச்ஓ (நிஜ ரயிலை 87-ல ஒரு பங்காச் சுருக்கின அளவு) இன்ஜின் மேசை மேல ஓடினா, தண்டவாள இணைப்புல சக்கரம் தாண்டுற சத்தம் காதுல விழணும். என்னோட இன்ஜின் ஓடினா, மிக்ஸியில காஞ்ச மிளகாயைப் போட்டு அரைக்கிற மாதிரி கத்துது.

சேலம் ஜங்ஷன் இருக்கிற சூரமங்கலத்துல வளர்ந்தவங்களுக்கு டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜின் எப்படி இருந்துச்சுன்னு நான் சொல்லத் தேவையில்லை. 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். ஓமலூர் பக்கம் வண்டியை இழுத்துக்கிட்டுக் கிளம்பும்போது அந்த அதிர்வு நெஞ்சுக்குள்ள வந்து நிக்கும். அதே இன்ஜின் 1:87 அளவுல, ஒரு சாண் நீளத்துல கிடைக்குதுன்னு ஆசைப்பட்டுக் காசு சேர்த்து வாங்கினேன். அதுக்குப் பதில் "சத்தம் வரத்தான் செய்யும்"னா எரிச்சல் வராதா?

அடுத்தது இந்த எண்ணெய் வைத்தியர்கள். "ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடு தம்பி, சரியாயிரும்." அண்ணே, மார்கழியில ஏற்காட்டுக்குப் போய்ப் பாருங்க, தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளயே கட்டியா நிக்கும். அதையா பேரிங்ல ஊத்தச் சொல்றீங்க? இன்னொருத்தர் துரு எடுக்கிற ஸ்ப்ரேயை அடிக்கச் சொல்றார். அது மோட்டாருக்குள்ள பிரஷ் உரசுற செம்பு வளையமான கம்யூட்டேட்டர் வரைக்கும் இறங்கும். கார்பன் பிரஷ் தேய்ஞ்சு விழுற தூளோட சேர்ந்து கருப்புச் சேறாகி, செம்புத் துண்டுகளுக்கு நடுவுல இருக்கிற இடுக்கை அடைச்சுக்கும். அப்புறம் தீப்பொறி, சூடு, கடைசியில மோட்டாரே போச்சு. பேரிங்குக்கு வேணும்னா பிளாஸ்டிக்கை அரிக்காத மெல்லிய எண்ணெய், ஊசி முனையில தொட்டு ஒரு சொட்டு. அதுக்கு மேல விட்டா அது வைத்தியமே இல்லை.

எந்த இடத்துல சத்தம்னு பார்க்காம வாயைத் திறக்கிறாங்களே, அதுதான் எனக்குத் தாங்கல. பாடியைக் கழட்டினா நடுவுல மோட்டார், ரெண்டு பக்கமும் ஷாஃப்ட், சக்கரங்களைத் தாங்குற ஒவ்வொரு போகி மேலயும் திருகு மாதிரி ஒரு வார்ம் கியர், அதுக்குக் கீழ பல்சக்கரங்கள். ரெண்டு ஷாஃப்டையும் உருவிட்டு மோட்டாரைத் தனியா 12 வோல்ட் டிசியில ஓட்டிப் பாருங்க. அப்பவும் கீச்சுன்னு கத்தினா பேரிங் காய்ஞ்சிருக்கு. சத்தமே இல்லைன்னா மோட்டார் மேல பழி போடாதீங்க, குத்தம் கியர் பக்கம். முன்னாடி போகும்போது அமைதி, பின்னாடி வரும்போது கடகடன்னா வார்ம் முன்னும் பின்னும் ஆடுது. மெல்லிய வாஷர் ஒண்ணு போட்டா அடங்கும். சக்கரம் ஒவ்வொரு சுத்துக்கும் 'டிக் டிக்'னு தட்டினா பல்லுல தூசி மாட்டியிருக்கு, இல்லைன்னா சக்கர அச்சு மேல இருக்கிற ஆக்ஸில் கியர் வெடிச்சிருக்கு. கன்ட்ரோலர் மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பா அனுப்புற வகையா இருந்தா, மெதுவா ஓடும்போது ஒரு ரீங்காரம் வரும். அது வேற கதை, அதுக்கு இன்ஜினைப் பிரிக்கவே வேண்டாம்.

என் இன்ஜின்ல மோட்டார் தனியா ஓடும்போது பூனை மாதிரி அமைதி. செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசு வேலை செய்யற அண்ணன் ஒருத்தர்கிட்ட போகியைக் கொண்டு போனேன். ரயில் மாடலைப் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணுல பூதக்கண்ணாடியை மாட்டினார், ஆக்ஸிலை விரலால மெல்ல உருட்டினார். "இங்க பாருங்க தம்பி, ரெண்டு பல்லுக்கு நடுவுல மயிரிழை மாதிரி விரிசல்" அப்படின்னார். முடிஞ்சுது! காசும் வாங்கல. கொலுசுக் கண்ணியைப் பத்த வைக்கிற மனுஷனுக்கு உடனே தெரியுது. இதையே தொழிலா வச்சு விக்கிறவங்களுக்கு ஏன் தெரியல? தெரியலையா, பார்க்கவே இல்லையா?

அது ஏன் வெடிக்குதுன்னும் சொல்லிடறேன். இரும்பு ஆக்ஸில் மேல பிளாஸ்டிக் கியரை இறுக்கி அடிச்சு ஏத்தியிருக்காங்க. நாளாக ஆக பிளாஸ்டிக் சுருங்கும், உள்ள இரும்பு விட்டுக் கொடுக்காது. பலவீனமான இடம் பல்லோட அடிப்பக்கம், அங்க பிளக்கும். பிளந்த இடத்துல பல் இடைவெளி கூடிடும், எதிர்ப் பல் அதுல உட்காராம ஏறிக் குதிக்கும். அதுதான் அந்த 'டிக்'. ஒட்டலாமேன்னு கேட்காதீங்க. அந்த வகை வழவழப்பான பிளாஸ்டிக்ல சூப்பர் குளூ பிடிக்கவே பிடிக்காது. புதுசு போடணும், வேற வழியில்லை.

புதுசு எங்க கிடைக்கும்? வித்தவர்கிட்ட கேட்டா "முழு இன்ஜினா வேணும்னா இருக்கு சார்"ங்கிறார். சுண்டுவிரல் நகம் அளவு கியருக்கு முழு இன்ஜின்! வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா கியரை விட கூரியர் காசு பல மடங்கு. இதே சேலத்துல அம்மாபேட்டைப் பக்கம் போனா, எத்தனையோ வருஷப் பழைய தறிக்கும் உதிரி பாகம் கிடைக்குது. கிடைக்கலைன்னா கடைசல் பட்டறையில சொல்லிச் செஞ்சு வாங்கிக்கலாம். இவ்வளவு விலை வச்சு விக்கிற இன்ஜினுக்கு ஒரு கியர் தர வக்கில்லையா?

விக்கிறவங்களே, செய்யறவங்களே, நல்லாக் கேட்டுக்குங்க. பெட்டிக்குள்ள பளபளன்னு ஒரு சான்றிதழ் அட்டை வைக்கிறீங்களே, அது எனக்கு வேண்டாம். அந்த இடத்துல ஆக்ஸிலுக்கு ஒண்ணா மாத்துக் கியர், ஒரு ஜோடி கார்பன் பிரஷ், எந்த ஸ்க்ரூ எங்க இருக்குன்னு காட்டுற ஒரு படம், இவ்வளவு போதும், வைங்க. அதுக்கும் விலை போட்டுக்குங்க, தரேன். அடுத்த தடவை எவனாவது போன் பண்ணி "சத்தம் வருது"ன்னா, "எந்தப் பக்கம் ஓட்டும்போது வருது சார்?"னு முதல்ல கேளுங்க.